தேவனாம்பட்டினமா, புதுச்சேரியா: இரண்டு கடற்கரைக் கோட்டைகள்

ஒன்று ஆங்கிலேயர் கோட்டை, மற்றது பிரெஞ்சுக்காரர் கோட்டை. அன்று இரண்டிலும் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நிற்கும். சரக்கும் ஆளும் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலை தாண்டிக் கரையேற வேண்டும். அந்தக் கரையையும் பீரங்கிதான் காத்தது.

கடலூர்த் தேவனாம்பட்டினத்தில், கெடிலத்தின் அருகே இருந்தது புனித டேவிட் கோட்டை. 1690-இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை நிலமும் சேர்த்தே கிடைத்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அதன் மிச்சம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டிய லூயி கோட்டை ஐந்து கொத்தளங்கள் (மதிலின் மூலையில் வெளியே நீட்டிய பீரங்கி மேடைகள்) கொண்ட ஐங்கோணம். அமைப்பில் இதுவே மேல் என்பேன்: ஒரு கொத்தளத்தின் சுவரடியில் எதிரி ஒட்டினால், பக்கத்துக் கொத்தளத்துப் பீரங்கி அவனைப் பக்கவாட்டில் சுடும். 1748-இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவென் முற்றுகையிட்டபோது, ஊருக்குத் தெற்கே இருந்த அரியாங்குப்பம் காவல் கோட்டையிலேயே நாள்களை இழந்தார். ஐப்பசி மழை நெருங்க, அக்டோபரில் பின்வாங்கினார்.

ஆனால் கடலைப் பார்த்த பீரங்கி தரைவழி முற்றுகைக்கு உதவாது. கப்பற்படையும் வராவிட்டால் உணவு, வெடிமருந்து எதுவும் வராது. டேவிட் கோட்டை 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்தது; அவர் அதை இடித்தார். 1761 ஜனவரியில் பட்டினியால் புதுச்சேரி சரணடைய, ஆங்கிலேயர் லூயி கோட்டையைத் தரைமட்டமாக்கினர்.

நேரில் பார்க்கக் கடலூருக்கே போங்கள். சில இடிபாடுகளாவது உண்டு. லூயி கோட்டை நின்ற இடத்தில் பாரதி பூங்காதான் இருக்கிறது.