கையில் ஆஃபர் இல்லாமல் பேப்பர் போடுவதா (ராஜினாமா செய்வதா), லீவு போட்டுப் பார்ப்பதா?

ஐ.டி. வேலைக்குச் சேர்ந்த இரண்டரை வருடத்தில் நான்கு மேனேஜர்களைப் பார்த்துவிட்டேன். நான்காமவர் என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுவதற்குள் ப்ராஜெக்டே மூடப்பட்டது. சோழிங்கநல்லூர் சிக்னலில் கம்பெனி பஸ் நிற்கும்போதே வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். “இருபத்தஞ்சு வயசுல என்னடா அலுப்பு?” என்றார் அம்மா. எனக்கும் பதில் தெரியவில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நான் இருந்தது அங்கே இல்லை. ஆனாலும் அந்த வாரம் எங்கள் ஃப்ளோரில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தபடியே வேறு வேலை தேடுவது முதல் வழி. சம்பளம் நிற்காது, ரெஸ்யூமேயில் இடைவெளி விழாது. ஊரே சொல்லும் யோசனைதான், விளக்க ஒன்றுமில்லை. ஏன் எனக்கு அது நடக்கவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது, ஒன்றரை மாதம் சம்பளமில்லா லீவு. நிலையான இடமாக இருந்தால் நான் இதைத்தான் செய்திருப்பேன். அரசு வங்கியில் இருக்கும் என் அக்கா இரண்டு மாதம் லீவு போட்டுவிட்டுத் திரும்பினார். நாற்காலி அப்படியே இருந்தது. எங்கள் இடத்தில் லீவு முடிந்து வருகிறவர் நேராக பெஞ்சுக்குத்தான் போவார், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பார். ஆள் குறைக்கும் காலத்தில் பெஞ்சில் உட்காருவது எப்படி ஓய்வாகும்? மெடிக்கல் லீவும் கேட்டுப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை, அதாவது வேலை அழுத்தத்தால் வரும் சோர்வை, நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகத்தான் வகைப்படுத்தியது. எச்.ஆருக்கு அந்த நுணுக்கம் தெரிந்திருந்ததோ என்னவோ, “சர்ட்டிஃபிகேட்டில் என்ன நோய் என்று இருக்கும்?” என்ற கேள்வியோடு பேச்சு நின்றது. (தூக்கமே போய், வாழவே பிடிக்காத நிலை என்றால் இந்தக் கணக்கெல்லாம் அப்புறம். 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி-மானஸ் இலவச சேவை அது, தமிழிலும் பேசலாம்.)

மூன்றாவது வழி பேப்பர் போடுவது. நான் அதைத்தான் செய்தேன். என்னைத் தள்ளியது துணிச்சல் இல்லை, நோட்டீஸ் பீரியட்: ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்த்தாக வேண்டிய காலம்.

எங்கள் ஒப்பந்தத்தில் 90 நாள். வேலை தேடும் தளமான நௌக்ரியில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதில் ‘3 மாதம்’ என்று இருந்தவரை, வாரத்துக்கு ஓர் அழைப்பு வந்தால் அதிகம். அதுவும் “பை-அவுட் இருக்கா? இல்லையா? சரி, அப்புறம் கூப்பிடறோம்” என்பதோடு முடியும். (பை-அவுட் என்றால் மீதி நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு முன்னாடியே கிளம்புவது.) ஆள் உடனே வேண்டும் என்கிற இடத்தில் மூன்று மாதம் யார் காத்திருப்பார்கள்? முதல் வழி அடைபட்டது இங்கேதான். கம்பெனி கைவிட்டாலும் விடும், நாமாகப் போக நினைத்தால் மட்டும் 90 நாள். ராஜினாமா மெயில் அனுப்பிய அன்று அந்தக் கட்டத்தை ‘நோட்டீஸில் இருக்கிறேன்’ என்று மாற்றினேன். முதல் மாதம் பெரிய வித்தியாசம் இல்லை, பயந்தேன். கடைசி நாள் நெருங்க நெருங்க ஒரே நாளில் மூன்று நான்கு அழைப்புகள் வந்தன. ஆஃபர் வந்தது 71-ஆம் நாள்.

நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. பேப்பர் போட்டவன் தலையில் ஆபீஸில் புது வேலை எதையும் கட்டமாட்டார்கள். கே.டி. கொடுப்பது, அதாவது அடுத்து வருகிறவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான். ஐந்தரை மணிக்குக் கிளம்பினேன், யாரும் கேட்கவில்லை. அப்ரைசல் பேச்சு காதில் விழுந்தால் அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி இருந்தது. இரவுத் தூக்கம் திரும்பியது அந்த நாட்களில்தான், அதுவும் சம்பளத்தோடு. நோட்டீஸில் லீவு எடுத்தால் அத்தனை நாள் கடைசி நாள் தள்ளிப்போகும் என்பார்கள். அதனால் எடுக்கவில்லை.

ஒரு பொறி இருக்கிறது. “சீக்கிரம் ரிலீவ் பண்ணுங்க” என்று நீங்களாகக் கேட்காதீர்கள். நண்பன் ஒருவன் கேட்டான், இருபதாம் நாளே அனுப்பிவிட்டார்கள். அதோடு சம்பளமும் நின்றது, மீதி நாட்களின் மவுசும் போனது.

இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு ஈ.எம்.ஐ. இல்லை, கல்யாணம் ஆகவில்லை, ஐந்து மாதச் செலவுக்குப் பணம் இருந்தது, ஜாவாவில் இரண்டரை வருட அனுபவம். பத்து வருட அனுபவக்காரருக்கோ டெஸ்டிங்கில் இருப்பவருக்கோ அதே அழைப்புகள் வருமா என்று என்னால் சொல்ல முடியாது. 90 நாளும் ஆஃபர் இல்லாமல் கழிந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

நான் கோட்டை விட்டது இன்ஷூரன்ஸில். அம்மாவின் சர்க்கரைக்கும் சேர்த்து கம்பெனியின் குரூப் பாலிசிதான் இருந்தது. கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும் என்பது 80-ஆம் நாள்தான் உறைத்தது. தனியாகப் புது பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற வழி உண்டு, ஆனால் பொதுவாக குரூப் பாலிசி முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். மீதிப் பத்து நாளும் அந்தப் படிவங்களோடுதான் போயின.