ஓப்பன் கலெக்டிவ்: உண்டியல் கண்ணாடிதான், சாவி யாரிடம்?

தன்னார்வலர்கள் நடத்தும் இணையக் குழுவுக்குப் பெரிய பணம் தேவைப்படாது. சர்வர் வாடகை, டொமைன் புதுப்பிப்பு, பேக்கப் இடம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னத் தொகை யாரோ ஒருவருடைய சொந்த பேபால் கணக்கில் விழ ஆரம்பித்ததும் சிக்கல்கள் வரிசைகட்டி வருகின்றன. வரித்துறையின் கண்ணுக்கு அது அவருடைய வருமானம். அவர் கணக்கு முடக்கப்பட்டால் குழுவின் பணமும் முடங்கும். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால், கையிருப்பு எவ்வளவு என்று சொல்லக்கூட ஆளிருக்காது.

2015-இல் தொடங்கிய ஓப்பன் கலெக்டிவ் இந்த இடத்துக்கென்றே வந்த சேவை. குழு தன்னைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே பதிவான ஒரு நிறுவனம் 'ஹோஸ்ட்' ஆக நின்று பணத்தைத் தன் வங்கிக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. கைக்காசு போட்டவர் ரசீதோடு கோரிக்கை வைக்கிறார், குழுவின் அட்மின் ஒப்புதல் தருகிறார், ஹோஸ்ட் சரிபார்த்துப் பணம் அனுப்புகிறது. வரவு, செலவு, மீதி மூன்றும் குழுவின் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ரசீதின் படம் மட்டும் பொதுவில் வராது. அதில் வீட்டு முகவரி இருக்கலாம் என்பதால் அதுவே சரி.

கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. திறமூலத் திட்டங்களுக்கான (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் விடுகிற மென்பொருள்கள்) ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் என்ற ஹோஸ்ட் 10% எடுக்கிறது. அமெரிக்காவில் கார்டு வழி வரும் பணத்துக்கு, அதை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் வழக்கமான பிடித்தம் 2.9%, அதன்மேல் 30 சென்ட். ஒருவர் 5 டாலர் கொடுத்தால் ஸ்ட்ரைப்புக்கு ஏறக்குறைய 45 சென்ட், ஹோஸ்டுக்கு 50 சென்ட், குழுவுக்கு 4.05 டாலர். மாதம் 5 வீதம் 12 மாதம் கொடுத்தால் கையில் நிற்பது சுமார் 48.66 டாலர். அதே 60 டாலரை ஆண்டுக்கு ஒரே தவணையாகக் கொடுத்தால் 51.96. தின்பது அந்த 30 சென்ட்தான். 1 டாலர் நன்கொடையில் குழுவுக்கு மிஞ்சுவது 57 சென்ட். ஆகவே நன்கொடைப் பக்கத்தில் ஆண்டுத் தவணையை முதலில் வையுங்கள், 1 டாலர் வாய்ப்பை எடுத்துவிடுங்கள். திருட்டுக் கார்டு வேலை செய்கிறதா என்று சோதிப்பவர்கள் தேடிவருவதும் அந்த மாதிரிச் சின்னத் தொகைகளைத்தான்.

10% அதிகமா? பதிவு, வரித் தாக்கல், வங்கிக் கணக்கு, கணக்குப்பிள்ளை எல்லாவற்றையும் குழுவே பார்த்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் மலிவு. ஆண்டுக்குச் சில நூறு டாலர் புரளும் குழுவுக்கு இதைவிடச் சல்லிசாக ஒரு வழி கிடைப்பது கஷ்டம்.

செலவுக் கோரிக்கையில்தான் ஆட்கள் அதிகம் இடறுகிறார்கள். 'சர்வர் செலவு' என்று தலைப்பிட்டு, வங்கிச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் திரும்பி வரும். பணம் போனதற்கு அது சாட்சி. எதற்குப் போனது என்பதற்கு அல்ல. விற்றவர் பெயர், தேதி, வாங்கிய பொருள், தொகை, நாணயம் ஐந்தும் தெரிகிற பில் வேண்டும். தலைப்பும் 'சர்வர் வாடகை, மார்ச், முதன்மை சர்வர்' என்று இருந்தால், இரண்டு வருடம் கழித்துப் பார்ப்பவருக்கும் புரியும். கைக்காசைத் திரும்பப் பெறுவது ஒரு வகை, செய்த வேலைக்குக் கூலி கேட்பது வேறு வகை. மாற்றிப் போட்டால், கைக்காசைத் திரும்ப வாங்கியவரிடம் தேவையில்லாமல் வரிப் படிவம் கேட்பார்கள். பில் ஒரு நாணயத்தில், கணக்கு வேறு நாணயத்தில் என்றால் மாற்று விகிதத்தில் சில்லறை வித்தியாசம் வரும். யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாத குழுக்கள் 2 டாலருக்காக 40 செய்திகள் எழுதிக்கொள்ளும்.

இந்தச் சேவையின்மேல் நமக்குள்ள பெரிய குறை ஒன்றுண்டு. அட்மின் தான் போட்ட கோரிக்கைக்குத் தானே ஒப்புதல் தரலாம். அமைப்புகளில் போய் மாற்றாதவரை தடை இல்லை. உண்டியல் கண்ணாடியாக இருந்தென்ன, சாவி ஒரே இடுப்பில் தொங்கினால்? கொள்கைகள் என்ற பகுதியில் அந்தத் தடையைப் போட்டுவிட்டு, குறைந்தது இரண்டு அட்மின்களை வையுங்கள். மூன்று பேர் இருந்தால் ஒருவர் விடுப்பில் போனாலும் வேலை நிற்காது. எந்தச் செலவு செல்லும், எது செல்லாது, எவ்வளவுக்கு மேல் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதை அதே பகுதியில் நாலு வரியில் எழுதிவைக்கலாம். முதல் தகராறுக்கு முன்பே எழுதுவதுதான் சுலபம்.

'புது சர்வர் வாங்க' என்று கேட்டு வாங்கிய பணத்தைப் பொதுக் கையிருப்பில் கலந்துவிடுவது அடுத்த வழக்கமான தவறு. இதற்காகவே குழுவுக்குள் தனித் திட்டம் தொடங்கும் வசதி இருக்கிறது. அதற்குத் தனி மீதி காட்டும். இலக்கைத் தாண்டி வரும் பணமும், இலக்கை எட்டாத பணமும் எங்கே போகும் என்று நன்கொடை கேட்கும் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். பணம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் ஸ்ட்ரைப் தன் கட்டணத்தைத் திருப்பித் தராது என்பதும் நினைவிருக்கட்டும். 'வரிவிலக்கு உண்டு' என்று வாய்க்கு வந்தபடி எழுதாதீர்கள். ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் அமெரிக்கச் சட்டத்தில் 501(சி)(6) வகை, அதாவது தொழில் சங்க வகை அமைப்பு, அறக்கட்டளை அல்ல. அறக்கொடை என்ற பெயரில் கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைக்காது.

ஹோஸ்ட் நிலையானது என்று நம்பிவிடவும் முடியாது. இதே தளத்தில் பல நூறு குழுக்களுக்கு ஹோஸ்டாக இருந்த ஓப்பன் கலெக்டிவ் பவுண்டேஷன், தான் கலையப்போவதை 2024 பிப்ரவரியில் அறிவித்தது. நன்கொடை வாங்கக் கடைசி நாள் மார்ச் 15, செலவழிக்கவோ வேறிடம் மாற்றவோ செப்டம்பர் 30, கதவடைப்பு டிசம்பர் 31. தளமும் மற்ற ஹோஸ்ட்களும் தொடர்ந்தன. ஆனாலும் ஹோஸ்ட் மாறும்போது மாதத் தவணைகள் தானாகக் கூடவே வந்துவிடுவதில்லை. கொடுத்தவர்களிடம் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், அதில் பலர் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. தளத்திலிருந்து பரிவர்த்தனைப் பட்டியலை எக்செலில் திறக்கிற கோப்பாக இறக்கலாம். மாதம் ஒருமுறை இறக்கி அட்மின்கள் எல்லோரிடமும் ஒரு படி வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

பணம் ஒரே ஒருவருக்குத்தான் போகிறது, குழு என்பது பேருக்குத்தான் என்றால் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். தளக் கட்டணம் எடுக்காத லிபராபே என்ற நன்கொடைத் தளம் போதும். அங்கே ஹோஸ்ட் இல்லை. வரி அவரவர் தலையில்.