1 டிபி டிஸ்க்கில் 931 ஜிபி: ஆறு வருட அனுபவம்

பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்துவைக்கிறேன். அதற்காக ஆறு வருடத்துக்கு முன் ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். லேப்டாப்பில் செருகியதும் 931 ஜிபி என்று காட்டியது. மீதி 69 ஜிபி எங்கே என்று கோபமாகக் கடைக்கே போய்க் கேட்டேன். கடைக்காரர் பிராப்பர்டீஸைத் திறந்து, 931-க்கு இடப்பக்கம் இருந்த நீளமான எண்ணைக் காட்டி, “எத்தனை இலக்கம்னு எண்ணிப் பாருங்க சார்” என்றார். பதின்மூன்று. ஒரு லட்சம் கோடி பைட்டுக்கும் கொஞ்சம் கூடுதல். பெட்டியில் போட்டிருந்தது அப்படியே இருந்தது.

டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது. லட்சம் கோடியை 1024-ஆல் மூன்று முறை வகுத்தால் 931 வரும். இரண்டுக்கும் ஒரே ஜிபி என்ற பெயர்தான் வினை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே 1024 கணக்குக்குத் தனிப் பெயர்கள் கொடுத்தது. அவை புழக்கத்தில் ஊன்றவில்லை. அதே டிஸ்க்கை நண்பரின் மேக்கில் செருகினால் 1 டிபி என்றே காட்டும். ஆப்பிள் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் பதிப்பிலிருந்து ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது.

சரி, இதில் ஒரு பைட்டும் தொலையவில்லை. எனக்கு உண்மையில் இடம் போனது வேறு வழியில். அதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆயிற்று.

ஒவ்வொரு பக்கத்தையும் ஓசிஆர் செய்து, அதாவது ஸ்கேன் படத்திலிருந்து எழுத்துகளை எடுத்து, தனி டெக்ஸ்ட் ஃபைலாக வைத்திருந்தேன். சராசரியாக 3 கேபி, மொத்தம் 40,000 ஃபைல். ஒருநாள் அந்த ஃபோல்டரின் பிராப்பர்டீஸைப் பார்த்தால் அளவு 117 எம்பி, டிஸ்க்கில் பிடித்திருக்கும் இடம் 4.88 ஜிபி! காரணம், மேக்கிலும் எழுதவேண்டும் என்று டிஸ்க்கை, விண்டோஸும் மேக்கும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருந்தேன். இவ்வளவு பெரிய டிஸ்க்கில் விண்டோஸ் அதை 128 கேபி துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு துண்டில் ஒரு ஃபைல்தான் உட்காரும். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் முழுவதையும் பிடிப்பதுபோல, 3 கேபி ஃபைல் 128 கேபியையும் பிடித்துக்கொள்ளும். விண்டோஸின் சொந்த ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ்ஸில் இது வழக்கமாக 4 கேபிதான். ஆனால் மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. எனக்கு அது ஒத்துவராது. அதனால் பக்கங்களை ஒன்றாகச் சுருக்கி, இதழுக்கு ஒரு ஜிப் ஃபைல் என்று கட்டிவைத்தேன். இப்போது மொத்தமும் 100 எம்பியைத் தாண்டவில்லை. அப்புறம், அழித்த ஸ்கேன்கள் டிஸ்க்கின் சொந்த ரீசைக்கிள் பின்னில் 22 ஜிபிக்குக் கிடந்தன. அதையும் காலி செய்தேன்.

போன வருடம் வாங்கிய 960 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) 894 என்று காட்டியபோது பதறவில்லை. அதே வகுத்தல்தான். எஸ்எஸ்டியில் இன்னொன்றும் உண்டு: சிப்பின் கொள்ளளவில் ஒரு பகுதியை, தேய்ந்துபோகும் செல்களுக்கு மாற்றாக உள்ளேயே ஒதுக்கிவைப்பார்கள். அது நமக்குக் காட்டப்படாது, காட்டவும் வேண்டாம்.

பயப்படவேண்டியது போலி பென்டிரைவுக்குத்தான். அது போட்ட அளவையே காட்டும், உள்ளே இடமிருக்காது. புதிதாக எது வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கிறேன். பெரிய டிஸ்க்குக்கு ஒரு ராத்திரி பிடிக்கும்.

அடுத்து 4 டிபி வாங்கப்போகிறேன். 3.63 என்று காட்டும். கையில் இருக்கும் ஸ்கேன்களுக்கும் இன்னும் வரவேண்டிய இரண்டு இதழ்த் தொகுப்புக்கும் அது போதும்.