பூட் போதுமா, ஜாயிண்ட் மட்டுமா, முழு ஆக்ஸிலா? பழைய தாரின் முன் அச்சு குறித்த ஒப்பீட்டு அலசல்

முன் ஆக்ஸிலில் சத்தம் வருகிறதென்று 2010இல் அறிமுகமான முதல் தலைமுறை மஹிந்திரா தார் ஜீப்பின் சி.ஆர்.டி.இ. (காமன் ரெயில் டீசல்) வகை ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், மூன்று மெக்கானிக்குகளிடமிருந்து மூன்று பதில்கள் கிடைக்கும். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டை மாற்றிப் புது கிரீஸ் வைத்தால் போதும் என்பார் ஒருவர், சக்கரம் திரும்பினாலும் ஆடினாலும் விசையைக் கடத்தும் மூட்டான சி.வி. ஜாயிண்டில், சக்கரத்தை ஒட்டிய வெளிப்பக்கத்தை மட்டும் மாற்றலாம் என்பார் அடுத்தவர். தண்டும் உள், வெளி ஜாயிண்டுகளும் சேர்ந்த ஆக்ஸிலையே புதிதாகப் போட்டுவிடுங்கள் என்பார் மூன்றாமவர். இவை போதாவென்று, சென்னைப் புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் ஆக்ஸில் எடுக்கும் வழியும் இருக்கிறது. இவற்றில் எதையும் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. தேய்மானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் தவறு.

கண்டுபிடிப்பதில் முதல் இடறல், கார்களுக்கான அறிவுரையை அப்படியே தாருக்குப் பொருத்துவது. முன்சக்கர இழுவை கொண்ட காரில் சி.வி. ஜாயிண்ட் எந்நேரமும் சுமையில் இருப்பதால், தேய்ந்தவுடனே தெருமுனைத் திருப்பத்தில் ‘டக் டக்’கென்று காட்டிக்கொடுத்துவிடும். தாரில் 2எச் (பின்சக்கர இழுவை மட்டும்) நிலையில் எஞ்சினின் விசை முன் அச்சுக்குப் போவதே இல்லை. ஆகவே நன்றாகத் தேய்ந்துபோன ஜாயிண்ட்கூட ஊருக்குள் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மணலில் சிக்கி 4எல் (தாழ்ந்த கியரில் நான்கு சக்கர இழுவை) போட்ட நேரத்தில்தான் முதன்முதலாகப் பேசும். வண்டி அமைதியாக இருக்கிறது, அதனால் ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது என்ற முடிவு இங்கே செல்லாது.

எனவே சோதனையையும் நான்கு சக்கர இழுவையில்தான் செய்ய வேண்டும். ஆனால் கெட்டியான சாலையில் செய்யக் கூடாது. முன் பின் அச்சுகளின் வேக வேறுபாட்டை ஈடுகட்டும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத இவ்வண்டியில், பிடிப்புள்ள தரையில் முழுத் திருப்பம் கொடுத்தால் முன் பின் அச்சுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலின் சத்தத்தையே ஜாயிண்டின் சத்தமாக எடுத்துக்கொள்ள நேரும். உழுத நிலத்திலோ மணலிலோ ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, மிதமான ஆக்ஸிலரேட்டரில் முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். சக்கரம் சுற்றும் வேகத்தோடு சேர்ந்து தட்டல் வந்தால் வெளி ஜாயிண்ட். நேராகப் போகையில் விசை கொடுக்கும்போது மட்டும் வண்டியின் முகப்பு நடுங்கினால் டிஃபரன்ஷியல் பக்கமுள்ள உள் ஜாயிண்டை முதலில் சந்தேகிக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ‘டொக்’கென்று கேட்பது பெரும்பாலும் சஸ்பென்ஷனின் பால் ஜாயிண்ட் அல்லது புஷ், வேகத்தோடு ஏறும் ரீங்காரம் சக்கர பேரிங். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, ஆக்ஸில் தண்டை முன்னும் பின்னுமாக முறுக்கிப் பார்த்து, அதே சோதனையை மறுபக்கத்திலும் செய்து ஒப்பிட வேண்டும். உள் ஜாயிண்ட் நீளவாக்கில் நகர்வது அதன் இயல்பு, குற்றமன்று. சுழற்சியில் வரும் தளர்வே தேய்மானம்.

இத்தனைக்கும் மேலான சாட்சி கிரீஸ். என் வண்டியின் இடப்பக்க பூட்டின் மடிப்பொன்று விரலளவு கிழிந்திருந்ததை, சக்கர ரிம்மின் உட்புறம் வட்டமாகத் தெறித்திருந்த கறுப்புப் பிசுக்கைக் கண்டே அறிந்தேன். கிழிசலுக்குள் விரலை விட்டுக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்தபோது, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் நறநறவென்று உரசியது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள் வெள்ளியாக மினுக்கங்கள். நறநறப்பு மட்டும் என்றால் மண் புகுந்திருக்கிறது, இன்னும் காலம் இருக்கலாம். மினுக்கம் என்றால் எஃகு உதிரத் தொடங்கிவிட்டது.

பூட் மட்டும் மாற்றும் வழி, கிழிசலை உடனே பார்த்தவர்களுக்கும், தட்டலோ மினுக்கமோ இல்லாதவர்களுக்கும் உரியது. அவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை. ஆனால் ஆக்ஸிலைக் கழற்றி, ஜாயிண்டைப் பிரித்து, உள்ளிருக்கும் ஆறு எஃகுக் குண்டுகளையும் எடுத்து, அவை ஓடும் பள்ளங்களையும் அவற்றைப் பிடித்திருக்கும் கேஜின் சன்னல்களையும் விரல்நகத்தால் தடவிப் பார்த்தபின் செய்தால்தான் இது பழுதுபார்ப்பு. பள்ளத்தில் நகம் இடறினால் பூட் வாங்கும் பணம் வீண். பிரிக்கும் முன் அடையாளமிட்டு, ஒவ்வொரு குண்டையும் அதனதன் இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவினால் முழுவதும் உலர விட வேண்டும். மூலையில் தங்கிய மண்ணெண்ணெய் புது கிரீஸைக் கஞ்சியாக்கிவிடும். மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த சி.வி. கிரீஸே வேண்டும், சக்கர பேரிங்குக்கு வைத்த மிச்சத்தை அள்ளி அப்பும் வழக்கம் பட்டறைகளில் உண்டு, அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். ஆக்ஸிலைக் கழற்றாமலே ஒட்டக்கூடிய பிளவு பூட்கள் சாலையில் ஓடும் காருக்கு ஆகலாம்; கல்லும் சேறும் ஏறும் வண்டிக்கு அவற்றை நான் நம்பவில்லை. மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்: அவர்களுடைய வெளி ஜாயிண்ட் இரும்பு நக்கிளுக்குள்ளேயே (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) பூட்டப்பட்டிருப்பதால், முள் குத்திக் கிழிய அங்கே ரப்பர் இல்லை.

வெளி ஜாயிண்டை மட்டும் மாற்றுவது, காகிதத்தில் பார்த்தால் நடுத்தரமான, நியாயமான வழி. தேய்வது பெரும்பாலும் வெளி ஜாயிண்ட்தான்; தண்டும் உள் ஜாயிண்டும் நன்றாக இருக்கையில் அவற்றுக்கும் சேர்த்து எதற்குப் பணம் என்ற கேள்வி சரியானதே. நடைமுறையில் எல்லாம் வாங்கும் ஜாயிண்டின் தரத்தைப் பொறுத்தது. பெயரில்லாத அட்டைப் பெட்டியில் வரும் ஜாயிண்டின் எஃகு எவ்வளவு ஆழத்துக்குக் கடினப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வாங்கும் முன் பழையதில் தண்டோடு பொருந்தும் ஸ்ப்ளைன் பற்களை எண்ணிக்கொள்வதும், ஏ.பி.எஸ். உள்ள பிந்தைய வண்டியாயின் சக்கர வேகத்தை அறிய உதவும் உணரி வளையம் தேவையா என்று பார்ப்பதும் அலைச்சலை மிச்சப்படுத்தும். பழைய கைகள் சொல்லும் இன்னொரு உபாயமும் உண்டு: முன்னோக்கி ஓடும்போது பள்ளத்தின் ஒரு சுவரே அதிகம் தேய்வதால், இருபக்க ஜாயிண்டுகளும் ஒரே பாக எண்ணுடையவையாக இருந்தால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டு, தேயாத சுவருக்குச் சுமையைத் தள்ளிவிடலாம். லேண்ட் க்ரூஸர்காரர்கள் பல காலமாகச் செய்துவருவது இது. காலத்தை நீட்டிக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது.

முழு ஆக்ஸில் விலையில் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். ஆயினும் கூலியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இடைவெளி சுருங்கிவிடுகிறது, ஏனெனில் ஹப் நட்டைக் கழற்றி, நக்கிளைப் பிரித்து, ஆக்ஸிலை வெளியே எடுக்கும் வேலை எந்த வழிக்கும் பொதுவானது. அதன்பின் ஜாயிண்டைப் பிரித்துக் கழுவிப் பூட்டும் நேரம் இங்கே மிச்சம். எந்த வழியானாலும் டிஃபரன்ஷியல் பக்க ஆயில் சீலை அப்போதே மாற்றி, ஆயில் மட்டத்தையும் பார்த்துவிட வேண்டும்; ஹப் நட்டை நியூமேட்டிக் கன்னால் அடித்து இறுக்காமல், சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். உள், வெளி இரண்டுமே ஆடுகிற வண்டிக்கு, அல்லது உதவி எட்டாத இடங்களுக்குப் போகிற வண்டிக்கு, நான் வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

புதுப்பேட்டை ஆக்ஸிலைப் பொறுத்தவரை என் கருத்து பலருக்கு ஒப்பாமல் போகலாம்: பெயரில்லாத புதுச் சாமானைவிட, விபத்து வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனி ஆக்ஸில் மேல். பூட்டைப் பிரித்துக் காட்டச் சம்மதிக்கும் கடையில் மட்டும் வாங்க வேண்டும். பழைய பூட்டையும் கிரீஸையும் மாற்றாமல் பூட்டக் கூடாது.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும், கேடு எங்கிருந்து தொடங்கியது என்று பார்க்காவிட்டால் மறுபடியும் அதே பட்டறையில்தான் நிற்க வேண்டும். என் வண்டியில் தொடங்கியது என் கையால்தான். பெரிய டயர் போடும் ஆசையில் முகப்பைத் தாங்கும் முறுக்குத் தண்டான முன் டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கி முகப்பைத் தூக்கியிருந்தேன். அதனால் ஆக்ஸில் நேர்சாலையிலேயே சாய்ந்து நின்றது. பூட்டின் மடிப்புகள் ஒன்றையொன்று உரசின. குண்டுகள் தம் பள்ளத்தின் ஓரத்திலேயே ஓடின. முதலில் அந்த போல்ட்டைப் பழைய அளவுக்கு இறக்கினேன். மினுக்கம் கண்ட இடப்பக்கத்துக்கு முழு ஆக்ஸில் போட்டேன். கிரீஸ் சுத்தமாக இருந்த வலப்பக்கத்துக்குப் பூட் மட்டும் மாற்றினேன். கழற்றிய இடது ஆக்ஸிலுக்கும் ஒரு பூட் மாட்டி, புதுக் கிரீஸ் அடைத்து, கோணிப்பையில் சுற்றிப் பின் இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். காட்டுக்குள் புதியது முறிந்தால், சாலை வரை வந்துசேர அது போதும்.