டிரிகர் இழுத்தும் வெடிக்காத .22 தோட்டா: மாற்றுவதா, துடைப்பதா, பிரிப்பதா?

25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் இரண்டாம் பாதியில் இலக்கு 3 விநாடிதான் முகம் காட்டும். கை உயர்ந்து, குறி சேர்ந்து, டிரிகரை இழுத்ததும் வெறும் 'டிக்' சத்தம் மட்டும் வந்தால் அந்த வாய்ப்பு போனது போனதுதான். பயிற்சியில் எனக்கு இது நாலு வாரம் தொடர்ந்தது. 50 தோட்டா உள்ள பெட்டியில் மூன்று நான்கு வெடிக்காது. கிளப்பில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: தோட்டா பிராண்டை மாற்று, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) துடை, ஃபயரிங் பின்னையும் (தோட்டாவை அடிக்கும் ஊசி) ஸ்பிரிங்கையும் மாற்று. மூன்றையும் ஆராய்ந்து பார்த்துவிட்டேன்.

எதைச் செய்வதற்கும் முன்னால் ஒன்று. வெடிக்காத தோட்டா சற்றுத் தாமதமாகவும் வெடிக்கலாம். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, குறைந்தது 30 விநாடி பொறுத்துத்தான் போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பகுதி) திறக்க வேண்டும். போட்டி என்றால் திறக்கவே வேண்டாம். ரேஞ்சு அதிகாரி பார்ப்பதற்குள் நீங்களே கைவைத்துவிட்டால், அனுமதிக்கப்பட்ட கோளாறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தோட்டாவைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. .22 போன்ற ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்தால் வெடிக்கும்) தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து, அடிப்பாகத்து விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. தயாரிக்கும்போது ஈர மருந்தைப் போட்டு, கேஸை (தோட்டாவின் உலோகக் கூடு) சுழற்றித்தான் அதை விளிம்பு முழுக்கப் பரப்புகிறார்கள். ஓரிடத்தில் மருந்து சேராமல் போய், ஃபயரிங் பின் சரியாக அங்கேயே அடித்தால் வெடிக்காது. ஆனால் அதற்காக உடனே பிராண்டை மாற்றிவிடாதீர்கள். புதுத் தோட்டா வந்தால் குண்டுகள் எப்படிக் கூடி விழுகின்றன என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும், செலவும் அதிகம். அதே பெட்டியிலிருந்து 20 தோட்டாவை கிளப்பில் வேறொரு பிஸ்டலில் சுடச் சொல்லிப் பாருங்கள். என் தோட்டா அங்கே ஒன்று விடாமல் வெடித்தது.

ஸ்பிரிங்கை மாற்றியதுதான் நான் செய்த தப்பு. பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று யாரோ சொல்ல, விறைப்பான ஒன்றைப் போட்டேன். டிரிகர் எடை (அதை இழுக்கத் தேவைப்படும் விசை) கூடி, பழகிய விரலுக்கு அது வேறு பிஸ்டலாகிவிட்டது. தோட்டா வெடிக்காமல் போவது மட்டும் அப்படியே இருந்தது. பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட வேண்டியதாயிற்று.

அப்புறம்தான், வெடிக்காத தோட்டாவையும் வெடித்த கேஸையும் பக்கத்தில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வெடித்ததில் பள்ளம் ஆழமாக, ஓரம் கூர்மையாக இருந்தது. வெடிக்காததில் நகம் பதிந்த மாதிரி ஒரு கீறல்தான். அதைத் திருப்பாமல் அப்படியே இன்னொரு முறை அடித்ததும் வெடித்தது. தோட்டா சேம்பருக்குள் முழுசாக உட்காராததால், முதல் அடியின் வேகமெல்லாம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகியிருக்கிறது. அடிபட்ட இடத்தில் மருந்து சேராத தோட்டா என்றால் பள்ளம் நன்றாகவே விழுந்திருக்கும். விளிம்பை வேறு பக்கம் திருப்பி அடித்தால்தான் வெடிக்கும்.

சேம்பரின் உட்புறத்தில் மெழுகும் ஈயமும் கார்பனும் சேர்ந்து கறுப்பு வளையமாகக் கெட்டித்திருந்தது. ஈயக் குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு சுடச் சுடப் படிந்து இப்படி ஆகும். நான் குழலைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, சேம்பரை மறந்தே போயிருக்கிறேன். பிஸ்டல் காலி என்று இருமுறை பார்த்துவிட்டு, சால்வென்ட் விட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்து, வெண்கலப் பிரஷ்ஷைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினேன். ஃபயரிங் பின் ஓடும் வழியையும் துடைத்து உலரவிட்டேன். அங்கே எண்ணெய் தங்கினால் அழுக்கைப் பிடித்துக்கொண்டு பின்னின் வேகத்தைக் குறைக்கும். அதன் பிறகு 300 தோட்டா சுட்டும் 'டிக்' கேட்கவில்லை.

பின்னையோ ஸ்பிரிங்கையோ மாற்றியே ஆக வேண்டிய பிஸ்டலும் உண்டு. சேம்பர் சுத்தமாக இருந்து, எந்தத் தோட்டாவிலும் பள்ளம் ஒரே மாதிரி மேலோட்டமாக விழுந்தால் அதுதான் காரணம். காலியாக டிரிகர் இழுத்துப் பழகுபவர்கள் சேம்பர் விளிம்பையும் பாருங்கள். சில பிஸ்டல்களில் ஃபயரிங் பின் அங்கே மோதிப் பிசிறு எழுப்பிவிடும். ரூகர் மார்க் வகையில் இதைத் தடுக்கவே ஒரு குறுக்கு ஆணி இருக்கிறது, பிரித்து மாட்டும்போது அதை விட்டுவிடக்கூடாது. இந்த வேலையெல்லாம் லைசென்ஸ் உள்ள ஆர்மரருக்குத்தான் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்). கொடுக்கும்போது நாலைந்து காலி கேஸையும் சேர்த்துக் கொடுங்கள். பள்ளத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.