அம்மப்பாவின் விமானப் படங்கள்: இரத்மலானையில் கொடுத்து வந்த கதை

லண்டனிலிருந்து கொழும்புக்குப் போய் வருகிறவர்கள் வங்கி, காணி உறுதி, பல் வைத்தியம், சாறி பிளவுஸ் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். பழைய படங்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. இந்த முறை எனக்கு அந்த வேலைதான் வாய்த்தது.

அம்மப்பா இரண்டாம் உலக யுத்த காலத்தில் கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை விமானத்தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்டோரில் கிளாக்காக இருந்தவர். பிறகு காங்கேசன்துறைக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய கறுப்புத்தாள் அல்பம் வெள்ளவத்தையில் பெரியம்மாவின் அலுமாரியில், பட்டுச் சீலைகளுக்கு அடியில் கிடந்தது. பெரியம்மா பிளட்டை விற்றுவிட்டு மகனோடு போகப்போகிறா. அல்பம் யாருக்கு என்று கேள்வி வந்ததும், "ஹென்டன் மியூசியம் உங்கட வீட்டிலயிருந்து பஸ் தூரம்தானே, அங்க குடன் பிள்ளை" என்றார் மாமா. எனக்கு அதில் மனம் வரவில்லை. லண்டன் ஹென்டனில் இருப்பது பிரிட்டிஷ் விமானப்படையின் அருங்காட்சியகம், அங்கே விமானப் படங்களுக்கு என்ன குறை? இரத்மலானைப் படம் இரத்மலானையில் இருந்தால்தான் அதைப் பார்க்கிற ஒரு பள்ளிக்கூடப் பெடியன் "இது எங்கட பக்கமெல்லோ" என்று நின்று பார்ப்பான்.

ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கு வேறு கோபம். இரத்மலானை அருங்காட்சியகத்தை நடத்துவது இலங்கை விமானப்படை. "பங்கருக்குள்ள இருந்ததை மறந்துபோனியா? அவங்களிட்டயா குடுக்கப் போறாய்?" என்று வட்ஸ்அப்பில் கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. விமானச் சத்தம் என்றால், உள்நாட்டு யுத்தத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்த எங்கள் தலைமுறைக்கு வேறு ஞாபகங்கள்தான் வரும். ஆனால் இவை 1942க்கும் 1945க்கும் இடைப்பட்ட படங்கள். ரோயல் சிலோன் விமானப்படை தொடங்கியதே 1951 மார்ச் 2ஆம் திகதிதான். கடைசியில் இரண்டு பேரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். விமானத்தின் பெயரோடு, படத்தில் நிற்கிற எங்கள் ஆட்களின் பெயரும் பதிவில் ஏற வேண்டும். ஏற்றமாட்டோம் என்றால் அல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவது.

அதற்கு முதல் எது என்ன விமானம் என்று தெரிய வேண்டுமே. எங்கள் வீட்டில் ஒற்றை எஞ்சின் வைத்த எல்லாமே "ஸ்பிட்பயர்". பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட ஸ்பிட்பயர் இல்லை, எல்லாம் ஹரிக்கேன். இரண்டும் அந்தக் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானங்கள். பிரித்தறிவது அவ்வளவு கஷ்டமில்லை. ஹரிக்கேனின் சில்லுகள் அகலமாக விலகி நிற்கும், ஸ்பிட்பயருக்கு நெருக்கமாக இருக்கும். ஹரிக்கேனுக்கு ரேடியேட்டர் வயிற்றின் நடுவில் தொங்கும், ஸ்பிட்பயருக்கு இறக்கைக்குக் கீழே. எனக்குப் பிடித்த அடையாளம் பின்னுடல். ஹரிக்கேனின் பின்பாதி துணியால் மூடப்பட்டது. வெளிச்சம் சரிவாக விழுந்த படத்தில், துணிக்கு அடியில் ஓடும் நீளச் சட்டங்களின் வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அந்த வரிகளைக் கண்டதும் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எனக்கு உதுகள் தெரியாது, கொப்பியில எழுது" என்றா.

அடுத்தது காலம். பிரிட்டிஷ் விமானங்களில் இருக்கும் வட்டக் குறியின் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானியருடைய சிவப்பு வட்டத்தோடு குழம்பிச் சொந்த விமானத்தையே சுட்டுவிடக் கூடாது என்று, கிழக்குப் பக்கத்தில் பிறகு அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலும் இது தெரியும். நடுப்பொட்டு இருட்டாக இருந்தால் முந்திய காலம். நடு வெளிறி வெளிவளையம் மட்டும் கருமையாக இருந்தால் 1943ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்தது. வாலுக்கு முன்னால் சின்னதாக எழுதியிருக்கும் எழுத்தும் இலக்கமும் வாசிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதை வைத்து அந்தத் தனி விமானத்தின் கதையையே தேடிப் பிடிக்கலாம்.

இடத்தை மட்டும் விமானப் புத்தகங்கள் சொல்லித் தராது. அது எங்களைப் போன்றவர்களின் கண்ணுக்குத்தான் பிடிபடும். ஒரு படத்தில் ஹரிக்கேனுக்குப் பின்னால் படிப்படியாகக் கூரை போட்ட பார்வையாளர் மேடை தெரிகிறது. இப்போது கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கும் கொழும்பு 7 ரேஸ்கோர்ஸ்தான் அது. யுத்தத்தில் குதிரைப் பந்தயத்தை நிறுத்தி அங்கே ஓடுபாதை போட்டார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு வந்தபோது, 258ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) எழும்பியது அந்தப் புல்வெளியிலிருந்து. 30ஆவது ஸ்குவாட்ரன் எழும்பியது இரத்மலானையிலிருந்து. முதல் நாளே தெற்கே கொக்கலையிலிருந்து கட்டலினா என்ற கடல் விமானத்தில் பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். ஆனாலும் அன்று காலை குண்டு விழத் தொடங்கும்போது இரத்மலானை விமானங்கள் தரையில்தான் நின்றன. அந்த வாரமே அம்மம்மாவைக் கோச்சியில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டாராம் அம்மப்பா.

இன்னொரு படத்தில் நாலு எஞ்சின், உடலின் மேற்பக்கத்தில் நீள இறக்கை, இரட்டை வால். சந்தேகமில்லாமல் லிபரேட்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானம். லிபரேட்டர் இலங்கையில் பல தளங்களிலிருந்து பறந்தது, மின்னேரியாவாகவும் இருக்கலாம், சீகிரியாவாகவும் இருக்கலாம். லண்டனில் எனக்கு உதவி செய்த ஒரு விமானப் பைத்தியம் (நல்ல மனுசன், ஓய்வுபெற்ற பொறியியலாளர்) மின்னேரியா என்றே முடிவு கட்டிவிட்டார். நான் அவரிடம் பின்னால் நிற்கும் மரங்களைப் பார்க்கச் சொன்னேன். வரிசையாகப் பனை. அவருக்குப் பனையும் தென்னையும் ஒன்றுதான். மின்னேரியாக் காட்டில் பனந்தோப்பை யார் கண்டது? பனை என்றால் யாழ்ப்பாணப் பக்கம்தான். அங்கே காங்கேசன்துறை விமானத்தளம் என்று அன்று சொன்னது இன்றைய பலாலியைத்தான். 1945இல் அங்கே லிபரேட்டர் வைத்திருந்தது 203ஆவது ஸ்குவாட்ரன். அம்மப்பா மாற்றம் எடுத்த காலத்தோடும் அது பொருந்துகிறது.

குடும்பத்துக்கு ஏமாற்றம் தந்த படமும் ஒன்று உண்டு. மூக்குக் குத்தி விழுந்து கிடக்கும் விமானம். "ஜப்பான்காரன்ர பிளேன் விழுந்தது" என்று ஐம்பது வருசமாகச் சொல்லிக் காட்டிய படம். உற்றுப் பார்த்தால் முன்விசிறியின் இறகு முறிந்த இடத்தில் சிம்பு சிம்பாக மரம். ரொட்டோல் என்ற பிரிட்டிஷ் கம்பனியின் முன்விசிறிகளில் மர இறகுகள் உண்டு, அவற்றைப் பூட்டிய ஹரிக்கேன் ஏராளம். ஜப்பானிய விமானங்களுக்கு உலோக இறகு. போதாக்குறைக்கு இறக்கையில் பிரிட்டிஷ் வட்டத்தின் ஓரமும் தெரிகிறது. மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, இனி படங்களைக் கொடுப்பதற்குச் செய்ய வேண்டிய வேலைகளுக்கு வருகிறேன். ஸ்கான் பண்ணுவதுதான் பெரிய தலையிடி. காலி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். அந்தத் தம்பி கீறல்களை எல்லாம் அழித்துத் துப்புரவாக்கி, "அன்ரி, கலர் போட்டுத் தரட்டா? வானத்தை நீலமாக்கலாம்" என்று கேட்டார். அவர் அழித்த கீறல்களோடு வாலில் இருந்த இலக்கமும் போய்விட்டது. படங்களை வேறு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார், பெரிதாக்கினால் ஒன்றும் தெரியாது. பிறகு பக்கத்து ஒழுங்கையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் பழைய தட்டை ஸ்கானர் ஒன்றைக் கண்டேன். அங்கே இருந்த பிள்ளை பொறுமைசாலி. 600 டிபிஐ நுணுக்கத்தில், தரம் குறையாத டிஃப் கோப்பாக, படங்களின் முன்பக்கமும், தானாகக் கழன்று கிடந்தவற்றின் பின்பக்கமும், அல்பத்தின் முழுப்பக்கமும் எடுத்துப் பென் டிரைவில் போட்டுத் தந்தார். பின்பக்கம் முக்கியம். அம்மப்பா பென்சிலால் எழுதியது அங்கேதான் இருந்தது. ஒட்டியிருக்கும் படங்களை அல்பத்திலிருந்து கழற்ற வேண்டாம். மாப்பசையால் ஒட்டியது, இழுத்தால் மேல்தோல் உரிந்துவிடும். கொழும்புப் புழுக்கத்தில் பூஞ்சணம் வேறு. பொலித்தீன் பையில் கட்டி வைக்காமல் கடதாசி உறையில் வைப்பதே நல்லது.

இரத்மலானைக்குப் போக முதல் மின்னஞ்சல் போட்டு, போனிலும் பேசினேன். படங்களின் பட்டியலோடு வரச் சொன்னார்கள். வெள்ளவத்தையிலிருந்து கரையோரக் கோச்சியில் கல்கிசை தாண்டினால் இரத்மலானை, அங்கிருந்து ஓட்டோ. விமானத்தளத்துக்குள் இருப்பதால் வாசலில் பாஸ்போர்ட் பார்த்து, பையைத் திறந்து, பெயர் பதிவார்கள். அந்த வாசலில் பெயரைச் சொல்லும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. வாசலில் நின்ற பொடியன் அல்பத்தைக் கண்டுவிட்டு, "பழைய போட்டோவா மிஸ்?" என்று தமிழில் கேட்டுச் சிரித்தான்.

உள்ளே ஹங்கரில் சிப்மங்க், பலியோல், ஜெட் புரொவொஸ்ட் என்ற பயிற்சி விமானங்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலும் 1951க்குப் பிந்திய கதை. எங்களைப் பார்த்த அதிகாரி அல்பத்தை மேசையில் துணி விரித்து வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பனை விசயத்தைச் சொன்னபோது சத்தம் போட்டுச் சிரித்து உடனே எழுதிக்கொண்டார். புத்தளத்தில் பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவின் கோர்செயார் சண்டை விமானத்தை யானை கட்டி இழுக்கும் யுத்தகாலப் படம் ஒன்று உண்டு. அதைத் தன் போனில் எடுத்துக் காட்டி, "இப்படி ஏதாவது உங்கள் தாத்தாவிடம் இல்லையா?" என்று கேட்டார். இல்லையே!

அப்புறம் கடுதாசி வேலை. இரவலா, அன்பளிப்பா என்று முதலில் கேட்டார்கள். அன்பளிப்பு என்றால் படங்கள் யாருடையவை, எப்படி வந்தன, காட்சிக்கு வைக்கலாமா, பிரதி எடுக்கலாமா என்று கடிதம் வேண்டும். வேறு உரித்தாளர்கள் இருந்தால் அவர்களுடைய சம்மதமும் எழுதிக் கொடுப்பது நல்லது. ஆறு மச்சான் மச்சாள்மாரிடம் மூன்று கண்டத்தில் சம்மதம் வாங்குவதை விட விமானத்தை இனங்காணுவது சுகம். மாமா ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவரிடம் முத்திரை குத்திக் கொண்டுவந்திருந்தார். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அவருக்கு அதில் ஒரு திருப்தி.

எங்கள் நிபந்தனையைச் சொன்னேன். காட்சிப் பலகையில் என்ன எழுதுவது என்பதற்கு வாக்குத் தர முடியாது, ஆனால் பதிவேட்டில் எழுதலாம் என்றார் அதிகாரி. நேர்மையான பதில். ஹரிக்கேனுக்கு முன்னால் ஸ்டோர் ஆட்கள் வரிசையில் நிற்கும் படத்தை எடுத்து, "இவர்கள் யார்?" என்று அவரே கேட்டார். பெரியம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டேன். இடமிருந்து வலம் பெயர், ஊர், யார் யாரைக் கலியாணம் கட்டினார்கள் என்பதுவரை வந்தது. கலியாணத்தை விட்டுவிட்டு மற்றதை அதிகாரி எழுதினார், நான் தமிழில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கியதற்கு ஒப்பமிட்ட பற்றுச்சீட்டு அன்றே கைக்கு வந்தது. அதை வாங்காமல் யாரும் திரும்ப வேண்டாம்.

அந்த வரிசைப் படத்தின் மூலத்தை மட்டும் பெரியம்மா விடமாட்டேன் என்றா. ஸ்கானை வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஸ்கான்களின் இன்னொரு தொகுதி தங்கச்சியிடம் இருக்கிறது. பலாலிப் படங்களை நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரிப்புக்கும் அனுப்பப்போகிறாளாம். போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பாஸ்போர்ட்டின் போட்டோகொப்பி ஒன்று கையில் வைத்திருங்கள், வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் அவருடைய போன் சார்ஜில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.