ஒன்றாம் வகுப்பு ‘ஸ்கூல் செட்’: எதை எடுக்கலாம், எதைக் கடையிலேயே விடலாம்

மே மாதம் பாதி போனதும் ஸ்டேஷனரிக் கடை வாசலில் ‘ஸ்கூல் செட்’ பாலித்தீன் உறையோடு தொங்க ஆரம்பித்துவிடும். புடைத்த பொம்மை முகம் வைத்த 16 அங்குலப் பை, நாலு பக்கமும் கிளிப் போட்ட டிபன் பாக்ஸ், பட்டனை அழுத்தினால் ஸ்ட்ரா எழும்பும் தண்ணீர் பாட்டில், இரண்டடுக்குப் பென்சில் பாக்ஸ், கொஞ்சம் லேபிள். தனித்தனியாக வாங்குவதைவிட விலை குறைவுதான். ஆனால் இந்த செட்டைத் தூக்கப்போவதும் திறக்கப்போவதும் ஐந்து வயதுப் பிள்ளை.

முதலில் எடை. மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி ஒன்று, இரண்டாம் வகுப்புப் பையின் எடை 1.6 முதல் 2.2 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் இந்த மாதிரி செட்டை வைத்தால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: பை 600 கிராம், 750 மில்லி எவர்சில்வர் பாட்டில் தண்ணீரோடு 1,050, டிபன் பாக்ஸ் சாப்பாட்டோடு 550, பென்சில் பாக்ஸ் 250. மொத்தம் 2,450. இன்னும் ஒரு நோட்டுகூட உள்ளே போகவில்லை.

அதே சாமான்களை உதிரியாக எடுத்தால்: 14 அங்குலத் துணிப் பை 350, அரை லிட்டர் பாட்டில் தண்ணீரோடு 650, சின்ன டிபன் 400, ஜிப் பவுச் 80. ஆக 1,480. புத்தகத்துக்கு 700 கிராம் மிஞ்சுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பாடநூல் பருவம் பருவமாகப் பிரிந்து வருவதால் இது போதும்.

“வளர்ற பிள்ளை, பெருசா வாங்குங்க” என்பார் கடைக்காரர். கேட்க வேண்டாம். 16 அங்குலப் பை இந்த உயரத்துக்கு இடுப்புக்குக் கீழே தொங்கி, நடக்கும்போது பின்னால் இடிக்கும். பிள்ளை முன்னால் குனிந்து நடக்கும். லாங் சைஸ் நோட்டு நேராக நிற்க 14 அங்குலம் தாராளம். பையை உள்பக்கம் திருப்பி, தோள்பட்டை வார் அடியில் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒற்றைத் தையல் என்றால் காலாண்டுப் பரீட்சைக்குள் பிய்ந்துவிடும். பை தைப்பவரிடம் கொடுத்துச் சதுரமாக, நடுவே பெருக்கல் குறி போட்டு அடித்து வாங்கினால் வருடம் ஓடும். ஜிப் இறுக்கமாக இருந்தால் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்; இழுப்பானில் ஒரு சாவி வளையம் மாட்டிவிட்டால் சின்ன விரலுக்குப் பிடி கிடைக்கும்.

செட்டிலேயே மோசமானது டிபன் பாக்ஸ்தான். நாலு கிளிப்பையும் நெம்பிக் கழற்ற அந்த வயதுக் கட்டை விரலுக்கு வலு போதாது. அதைவிடப் பெரிய சிக்கல், காலையில் சூடாகச் சாதத்தைப் போட்டு உடனே மூடுவது. உள்ளே இருக்கும் ஆவி மதியத்துக்குள் ஆறிச் சுருங்குவதால் காற்றழுத்தம் குறைந்து மூடி உள்வாங்கிக்கொள்ளும். ரப்பர் வளையம் உள்ள பாக்ஸில் இது இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். பெரியவர்களே திணறுவார்கள். சாதம் முழுக்கத் திரும்பி வந்தால் “சாப்பிடவே மாட்டேங்குது” என்று பிள்ளையைக் குறை சொல்லுமுன் மூடியைப் பாருங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு மூடினால் பாதிப் பிரச்சினை தீரும். இரண்டு கிளிப் வைத்த சின்ன எவர்சில்வர் டப்பா இதைவிட எவ்வளவோ மேல். குழம்புச் சாதம் என்றால் கொஞ்சம் கெட்டியாகவே பிசைந்து வையுங்கள். ரப்பர் வளையத்தை வாரம் இரண்டு முறையாவது கழற்றிக் கழுவாவிட்டால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும்.

ஸ்ட்ரா பாட்டிலுக்கும் அதே கதி. குழாயின் உள்பக்கத்துக்கு மெல்லிய பிரஷ் தேவை. செட்டில் அது இருக்காது. திருகு மூடி போட்ட சாதா பாட்டில் போதும். திருகின் மரை பிசகாமல் மூட வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மரை ஏறுக்கு மாறாக மாட்டினால் பைக்குள் இருப்பதெல்லாம் நனையும்.

பென்சில் பாக்ஸ் வெறும் விளையாட்டுச் சாமான். வகுப்பில் டப் டப்பென்று சத்தம், அப்புறம் மேஜைக்கு அடியில் தேடல். துணிப் பவுச், வீட்டிலேயே சீவிய இரண்டு முக்கோணப் பென்சில், வாசனை இல்லாத ரப்பர். வாசனை ரப்பர் வாய்க்குப் போகும்.

அரசுப் பள்ளியில் சேர்க்கிறவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். பை, புத்தகம், நோட்டு, சீருடை, காலணி எல்லாம் அங்கேயே தருகிறார்கள். மதிய உணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் உண்டு. தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்தால் சரி.

எதை வாங்கினாலும் பள்ளி திறக்க ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒத்திகை பாருங்கள். மதியச் சாப்பாட்டை அந்த டப்பாவில் கட்டி, தரையில் உட்காரவைத்து, இருபது நிமிடம் கை கொடுக்காமல் விடுங்கள். எந்த மூடி மக்கர் செய்கிறது என்று முதல் நாளே தெரிந்துவிடும். கடையில் மாற்றவும் நேரம் இருக்கும். பில்லைக் கிழித்துவிடாதீர்கள்.

செட்டோடு வரும் லேபிள் நாலாவது கழுவலில் உரிந்துவிடும். மார்க்கர் எழுத்தும் நிற்காது. டப்பா, மூடி இரண்டையும் பாத்திரக்கடைக்கு எடுத்துப்போய்ப் பெயர் வெட்டிக்கொள்ளுங்கள், இனிஷியலோடு. ஒரே வகுப்பில் இரண்டு மூன்று கவின் இருப்பார்கள்.